இரண்டு தடவை கழித்த ஒரு மணி நேரம்

டைம்கீப்பர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓய்வூதியக் கடிதத்தில் மட்டும் வரும். அதைப் படிக்கும்போது அவருக்கே ‘யாரப்பா இந்த ஆள்’ என்று தோன்றும்.

டிப்போ வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மேஜை, ஒரு தடித்த பதிவேடு, ஒரு விசில், தலைக்கு மேல் ஒரு கடிகாரம். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று நிமிஷக் கணக்கில் எழுத வேண்டும். டிரைவர் ஒரு நிமிஷம் முந்தி எடுத்தாலும் விசில், ஒரு நிமிஷம் பிந்தி எடுத்தாலும் விசில். டிரைவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ சொன்னார்கள். முகத்துக்கு நேரே ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. அந்த வித்தியாசத்தை மரியாதை என்று அவர் கணக்கு வைத்திருந்தார், பாவம்.

அவர் குடியேறியிருந்த அந்த வெளிநாட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவார்கள். கோடை வருகிறபோது எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். குளிர்காலம் வருகிறபோது பழையபடி பின்னால் இழுத்துவிடுவார்கள். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். சூரியனுக்கு இந்தச் சட்டம் எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு உதிக்கும், அது பாட்டுக்கு மறையும். மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, முதல் வண்டி கிளம்புமுன் ஏணியைத் தூக்கிக்கொண்டு டிப்போவின் முப்பத்தொரு கடிகாரங்களையும் மாற்றுவது டைம்கீப்பர் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். வீட்டுக்கு வந்து சமையலறைக் கடிகாரம், மனைவியின் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அவரே திருகி வைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.

இப்படிப்பட்ட மனுஷன் ஜாதகமும் எழுதினார் என்றால் யார் நம்பாமல் இருப்பார்கள்? நம்மாட்கள் அந்தப் பக்கம் நூறு குடும்பம் இருக்கும். குழந்தை பிறந்தால் அவரிடம்தான் வருவார்கள். பணம் வாங்க மாட்டார். “இது வியாபாரமில்ல” என்பார். ஆனால் வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார வேண்டும், அவர் பேசி முடிக்கிறவரை குறுக்கே பேசக் கூடாது, போகும்போது இரண்டு தடவை நன்றி சொல்ல வேண்டும். பணம் கொடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும் என்று சிலர் வெளியே வந்து சிரித்துக்கொண்டதும் உண்டு.

பிறந்த நேரம் அவருக்கு வீட்டுக்கே வந்து சேரும். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் உதவியாளர் வேலை. துணி மாற்றுவாள், குழந்தையைத் துடைத்துச் சுற்றித் தாயின் பக்கத்தில் படுக்க வைப்பாள். நம்மாட்கள் வீட்டுக் குழந்தை என்றால் முதல் அழுகையின்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் நேரத்தைக் குறித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். ஆஸ்பத்திரிச் சான்றிதழ் கைக்கு வர ஒரு மாதம் ஆகும். அவள் சீட்டு அன்று சாயங்காலமே வந்துவிடும். அவர் அதைத் தன் நோட்டில் ஒட்டி, அதற்குக் கீழே கணக்குப் போடுவார்.

ஒரு கோடையில், ஒரு டிரைவருக்குப் பிறந்த குழந்தைக்கு அவர் ஜாதகம் எழுதிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் நாற்காலி நுனியில் இருந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இப்போ கோடை மணியாச்சே. அந்த ஒரு மணி நேரத்தக் கழிச்சீங்களா?”

டைம்கீப்பருக்குக் காது வரை சூடேறிவிட்டது. எதிரே இருக்கிறவன் யார்? நாளைக்குக் காலையில் இவர் விசிலுக்குப் பயந்து வண்டியை எடுக்க வேண்டியவன்.

“முப்பத்தொரு கடிகாரத்த மாத்தி வெக்கிறவன் நான். எனக்கு நீ மணி கத்துக்குடுக்க வந்துட்டியா? துணி மடிக்கிற வேலைய மட்டும் பாரு. போ உள்ள!”

அவள் போய்விட்டாள். டிரைவர் குனிந்து தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிளம்பின பிறகு டைம்கீப்பர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். கழிக்கவில்லை. சுத்தமாக மறந்து போயிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி எழுதினார். டிரைவரிடம் “இன்னும் கொஞ்சம் நுணுக்கமாப் பாத்தேன்” என்று சொல்லிப் புதியதைக் கொடுத்தார். அதற்கப்புறம் எந்தக் கோடைக் குழந்தைக்கும் நோட்டில் சீட்டுக்குக் கீழே முதல் வரி ‘கழிக்க 1.00’ என்றுதான் இருக்கும். சமையலறைக்குப் போய், நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை மறந்தும் போனார்.

அதற்குப் பிறகும் அவள் பதினோரு வருஷம் அந்த வார்டில் இருந்தாள். இடுப்பு வலி வந்து, ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு பெற்றோர் கொண்டுவரும் சான்றிதழைப் பார்த்து எழுதினார். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. நோட்டுகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

இனி தையல்காரர் விஷயம். அதே தெருவில், நாலு கதவு தள்ளி அவர் கடை. டிப்போ சீருடை எல்லாம் அவரிடம்தான் அளவு சரிசெய்யப் போகும். சாதுவான மனுஷன். அவருக்கு ஒரே மகள். சின்ன வயதில் கடையிலேயே கிடந்து பொத்தான் டப்பாவோடு விளையாடுவாள். அதனால் தெருவே அவளைப் பொத்தான் என்றுதான் கூப்பிடும். டைம்கீப்பரின் மகனுக்கு அவளைவிட இரண்டு வயது கூட. ஒன்றாக ஓடியாடி, ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய், வளர்ந்து, அவன் லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் வந்து பொத்தானைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அப்பாவிடம் சொன்னபோது “ஜாதகம் பாக்கணும்” என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல். தையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். ஜாதகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“நீங்க எழுதிக் குடுத்ததுதான். எனக்கு ஒண்ணும் புரியாது. பத்திரமா வெச்சிருந்தேன்” என்றார்.

டைம்கீப்பர் பிரித்தார். கன்னி லக்னம். அங்கிருந்து எண்ணினால் ஏழாவது கட்டம் மீனம். மீனத்தில் செவ்வாய் உட்கார்ந்திருந்தது. ஏழில் செவ்வாய் என்றால் தோஷம். கட்டிக்கொள்கிறவனுக்கு ஆகாது என்பார்கள். மகனுடையது தோஷமில்லாத ஜாதகம். சேராது. அதைக் கண்டபோது டைம்கீப்பருக்கு நெஞ்சில் எதுவோ லேசானது. அது என்ன என்று அன்றைக்கு அவர் நின்று பார்க்கவில்லை. ஜாதகத்தை மடித்தார், தலையை மெல்ல ஆட்டினார், விளக்கினார். தையல்காரர் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உறையை மார்போடு வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மகன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். மூன்று மாதத்தில் வேறு ஊரில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிறகு அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம் ஒரு போன் செய்து தெரிவித்தான். இரண்டு குழந்தைகள். ஒவ்வொரு தடவையும் டைம்கீப்பர் போனை வாங்கி, “எத்தன மணிக்குப் பொறந்தது?” என்று கேட்டார். “காலையில” என்றான் முதல் தடவை. “மத்தியானம்” என்றான் இரண்டாம் தடவை. அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட அவரால் அவனிடமிருந்து வாங்க முடியவில்லை.

பொத்தானுக்கு வேறு வரன் வந்தது. டைம்கீப்பரே வேண்டாம் என்று சொன்ன பெண் என்றால் யார் துணிவார்கள்? வந்தவர்கள் விசாரித்துவிட்டு வந்த வழியே போனார்கள். பிறகு வருவதே நின்றது. தையல்காரர் ஆறு வருஷத்துக்கு முன்னால் காலமானார். கடையை அவள் நடத்துகிறாள். வயது முப்பத்தாறு.

இவ்வளவும் ஒழுங்காக மறந்துபோய், டைம்கீப்பர் நிம்மதியாகத்தான் இருந்தார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்ஸிக்காரர் ஒருவர் வந்தார். முப்பது வயது. அவருக்கு ஜாதகம் எழுதியது டைம்கீப்பர்தான்.

“மாமா, சும்மா இருக்கும்போது போன்ல என் ஜாதகத்தப் போட்டுப் பாத்தேன். தனுசு லக்னம்னு வருது. நீங்க எழுதினதுல விருச்சிகம்னு இருக்கே?”

டைம்கீப்பர் சிரித்தார். “போனுக்குக் கோடை மணி எல்லாம் எப்படிப்பா தெரியும்? அது கடிகாரத்துல இருக்கறத அப்படியே எடுத்துக்கும். நான் ஒரு மணி நேரத்தக் கழிச்சு எழுதியிருக்கேன்.”

“இல்ல மாமா, அதுவும் கழிச்சுதான் போடுது. இங்க பாருங்க, எழுதியே இருக்கு.”

பார்த்தார். எழுதித்தான் இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. “நேரத்தத் தப்பாப் போட்டிருப்ப” என்றார். டாக்ஸிக்காரர் போனிலேயே ஆஸ்பத்திரிச் சான்றிதழின் படத்தைக் காட்டினார். மாலை நாலு ஐம்பத்திரண்டு.

டைம்கீப்பர் ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து நோட்டுகளை இறக்கினார். டாக்ஸிக்காரர் தும்மினார். அந்தப் பக்கம் கிடைத்தது. மனைவியின் கையெழுத்தில் சீட்டு: 3.52. கீழே அவர் கையெழுத்தில்: கழிக்க 1.00. அதற்குக் கீழே: 2.52.

நாலு ஐம்பத்திரண்டு எப்படி மூன்று ஐம்பத்திரண்டு ஆயிற்று? இத்தனை வருஷமாக ஒருவரும் கேட்காததற்குக் காரணம் உண்டு. ஜாதகத்தில் அவர் மணி எழுத மாட்டார். சூரிய உதயத்திலிருந்து எண்ணும் பழைய கணக்கில் இத்தனை நாழிகை, இத்தனை விநாடி என்று எழுதுவார். கம்பீரமாக இருக்கும். யாருக்கும் புரியாது. புரியாமல் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

“அடுத்த வாரம் வாப்பா, நான் பாத்து வெக்கிறேன்” என்று டாக்ஸிக்காரரை அனுப்பினார். அவர் இரண்டு தடவை நன்றி சொன்னார். அது டைம்கீப்பருக்கு ஈட்டியாகக் குத்தியது.

மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டை அவள் முன்னால் வைத்தார்.

“இந்தச் சீட்டுல நீ எழுதினது ஆஸ்பத்திரிக் கடிகாரத்துல இருந்த நேரந்தானே?”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “எந்த மாசம்? ஆகஸ்டா? அப்போ இல்ல. ஒரு மணி நேரத்தக் கழிச்சுதான் எழுதியிருப்பேன்.”

“நீ எதுக்குக் கழிச்ச?”

“நீங்க மறந்துடக் கூடாதேன்னுதான்.”

டைம்கீப்பர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “எல்லாத்துலயுமா?”

“கோடையில பொறந்த எல்லாத்துலயும். அன்னைக்கு அந்த டிரைவர் முன்னாடி திட்டினீங்களே, அதுலேருந்து.”

வழக்கம்போல அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்று கத்தினார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “ஒரு தடவ சொன்னேனே” என்றாள்.

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. டைம்கீப்பருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் ரகசியமாகத் திருத்திக்கொண்டார், அவளும் ரகசியமாகத் திருத்தினாள். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து எழுந்த இரண்டு பேர். அவர் அவளிடம் தோற்றதாகக் காட்டிக்கொள்ள மனமில்லாமல் பேசவில்லை. அவள் மறுபடி அடிபட மனமில்லாமல் பேசவில்லை. நடுவில் குழந்தைகள் பிறந்துகொண்டே இருந்தன.

“நீங்களும் கழிச்சீங்களா?” என்று அவள் கேட்டாள். அவர் நோட்டில் அந்த வரியைக் காட்டினார். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். “பொத்தான் கோடையிலதானே பொறந்தா?” என்றாள்.

கேட்கவே வேண்டியதில்லை. சுவரைப் பிடித்த அந்த நொடியிலேயே அவர் மனம் அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தது. விரல் மட்டும் போக மறுத்தது. பதினோரு கோடையில் நாற்பத்து மூன்று குழந்தைகள். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதிப் பேருக்கு லக்னம் மாறவில்லை. மாறியவர்களில் பலரும் கல்யாணமாகிக் குடும்பம் குட்டியோடு இருந்தார்கள். அதைக் கண்டு சந்தோஷப்படுவதா, இவ்வளவு பிழையோடும் நன்றாக இருக்கிறார்களே என்று வெட்கப்படுவதா, தெரியவில்லை. கடைசியாகப் பொத்தானிடம் வந்தார். ஜூலை கடைசி. சீட்டில் 12.20. கீழே 11.20. உண்மை சீட்டிலேயே இருந்தது. பன்னிரண்டு இருபதுக்குக் கணக்குப் போட்டார். துலாம் லக்னம். துலாமிலிருந்து எண்ணினால் மீனம் ஆறாவது கட்டம். ஆறில் செவ்வாய்க்குத் தோஷம் கிடையாது. மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் ஆறு.

அதற்கப்புறம் பத்து நாள் டைம்கீப்பர் அந்தத் தெருவில் நடக்கவில்லை. ரொட்டி வாங்க வேண்டுமென்றாலும் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அறுபத்தொன்பது வயதில் ஒளிந்து திரிகிறோமே என்று தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஒருநாள் சந்து முனையில் பொத்தான் எதிரே வந்துவிட்டாள். கையில் துணி மூட்டை. “என்ன மாமா, முட்டி வலியோட இந்தச் சந்துல ஏன் வர்றீங்க? மேடும் பள்ளமுமா இருக்கே” என்றாள். அவர் ஏதோ உளறிவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறையில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார்.

மனைவி துண்டை நீட்டினாள். “போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க.”

“என்னன்னு சொல்றது?”

“நடந்ததச் சொல்லுங்க. நானும் வேணா வரேன். என் பங்கும் இருக்கு.”

“வேண்டாம்” என்றார். தப்பை ஒப்புக்கொள்கிற தன்னை அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அப்போதும் தோன்றியது. அந்த நினைப்புக்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

வெறுங்கையோடு போகத் தைரியமில்லை. நீளம் சரியாக இருந்த ஒரு பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, கால் நீளமாக இருக்கிறது என்று சொல்லிக் கடைக்குள் நுழைந்தார். காலை பத்து மணி. நீராவி இஸ்திரியின் வாடை. கம்பியில் பெயர்ச் சீட்டுக் குத்தின கோட்டுகள் தொங்கின. மெஷினுக்கடியில் பல நிற நூல் துணுக்குகள் குவிந்து கிடந்தன. பொத்தான் அவரைச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலிருந்த மரப்பலகையில் ஏறி நிற்கச் சொன்னாள். தான் கீழே மண்டியிட்டு, நாலைந்து குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டாள்.

“நல்லாத்தானே இருக்கு மாமா?” என்றாள் ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

“இல்ல, தரையில இழுபடுது. கொஞ்சம் சின்னதாக்கு.”

அவள் மடித்து ஊசி குத்தத் தொடங்கினாள். டைம்கீப்பர் காலுறையோடு பலகையில் நின்றார். இடது காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. இதே பலகையில் சீருடையோடு எத்தனை வருஷம் நின்றிருக்கிறார்! இவள் அப்பா இதே மாதிரிக் கீழே மண்டியிட்டிருப்பார். இவர் மேலே நின்றுகொண்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்.

“ஒரு விஷயம் சொல்லணும்மா” என்றார்.

“சொல்லுங்க.”

ஆரம்பித்தார். ஆரம்பித்த இடம் சரியில்லை. உலகத்தில் எந்தெந்த நாட்டில் கோடை மணி உண்டு, எதில் இல்லை என்பதில் தொடங்கினார். சூரியன், உதயம், நாழிகை என்று போனார். ஆஸ்பத்திரி வழக்கம் சரியில்லை என்றார். “உங்க அத்தை வேற, எங்கிட்டச் சொல்லாம சீட்டுல ஒரு மணி நேரத்தக் கழிச்சு...” என்று வந்தபோது தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. நிறுத்தினார். சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. மூச்சை இழுத்துவிட்டார்.

“இல்லம்மா. அவ மேல தப்பு இல்ல. அவ முதல்லயே சொன்னா, நான் திட்டிட்டேன். உன் ஜாதகத்த நான் தப்பா எழுதிட்டேன். உனக்குச் செவ்வாய் ஏழுல இல்ல. ஆறுல. உனக்குத் தோஷமே கிடையாது. எப்பவுமே இருந்ததில்ல.”

பொத்தானின் கை நின்றது. உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த சின்னத் திண்டில் குத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு ஆறுல இருந்திருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?”

ஆமாம்மா என்ற சொல் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் குற்றமெல்லாம் கடிகாரத்தோடு போயிருக்கும்; அவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தெரியாமல் தவறு செய்த மனிதராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பகலில், செவ்வாயைக் கண்டதும் நெஞ்சு லேசானதே, அது அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. தன் காலடியில் மண்டியிட்டு அளவெடுக்கிறவரோடு சம்பந்தம் பேசி, டிப்போவில் எல்லார் முன்னாலும் அவரைச் சம்பந்தி என்று கூப்பிட வேண்டியிருக்குமே என்ற பயம் போனதால் வந்த லேசு அது. அதனால்தான் அந்த ஜாதகத்தை அவர் சரிபார்க்கவில்லை. டிரைவருடையதைக் கதவைச் சாத்திக்கொண்டு சரிபார்த்த மனுஷன், சொந்த மகன் கல்யாணத்துக்கு வந்ததைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இல்லம்மா” என்றார். மறுபடி சொன்னார். “இல்ல. வேற ஏதாவது கண்டுபிடிச்சுச் சொல்லியிருப்பேன்.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. உங்க பையனுக்கும் தெரியும். அதனாலதான் அவரு சண்ட போடல. அந்தச் செவ்வாய நாங்க ரெண்டு பேரும் ஒருநாளும் நம்பினதில்ல.” அவள் மடிப்பைக் கையால் நீவினாள். “அவரு உங்கள எதுத்துக்கிட்டு எங்கூட நிக்கல. அது வேற கணக்கு, அதுக்கு நான் உங்களக் கேக்க மாட்டேன்.”

டைம்கீப்பருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்றுகூட ஒரு கணம் இருந்தது.

“ஆனா அப்பா நம்பினாரு” என்றாள் அவள். “நீங்க அன்னைக்கு அவருக்கு ஆறுதலா ஒண்ணு சொன்னீங்களாமே. ‘என்ன செய்யறது, உங்க பொண்ணு ஒரு மணி நேரம் கழிச்சுப் பொறந்திருந்தா இந்தத் தோஷமே இல்ல’ன்னு. ஞாபகம் இருக்கா?”

இல்லை. சொல்லியிருப்பார், அப்படி ஏதாவது சொல்கிற வழக்கம்தான். எத்தனை பேரிடம் சொன்னாரோ.

“அம்மாவுக்கு வலி எடுத்தப்போ அப்பா யாரோட வண்டியயோ கேட்டு வாங்கி, அவசர அவசரமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாராம். போன கொஞ்ச நேரத்துல நான் பொறந்துட்டேன். அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு மாமா. ‘நான் மெதுவாப் போயிருக்கணும், நாந்தான் அவசரப்பட்டு உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன்’னு. நம்பாதப்பான்னு நானும் எவ்வளவோ சொன்னேன். ‘டைம்கீப்பர் தப்பாச் சொல்ல மாட்டாரும்மா’ன்னுட்டாரு. கடைசி வாரம் எம்மூஞ்சிய நிமிந்தே பாக்கல.”

டைம்கீப்பருக்குக் கீழே இறங்க வேண்டும் போல இருந்தது. அவள் காலடியில் விழ வேண்டும் போல இருந்தது. ஒரு கால் நிறைய ஊசி. அசைந்தால் குத்தும்.

“மன்னிச்சுடும்மா” என்றார்.

“நான் என்ன மன்னிக்கிறது? எனக்குக் கோபம் இருந்தாத்தானே. மன்னிக்க வேண்டியவரு போயிட்டாரு.” பொத்தான் திண்டிலிருந்து ஊசிகளை எடுத்து மறுபடி உதட்டில் கவ்விக்கொண்டாள். “இந்தக் கால் முடிஞ்சுது. திரும்புங்க மாமா, அந்தக் காலையும் பாத்துடறேன்.”

சின்னதாக்க வேண்டிய அவசியமே இல்லாத பேன்ட் அது. அவர் திரும்பி நின்றார்.